அம்மாவின் குரலுக்கு ஒரு பெட்டி

“அது வேண்டாம்.”

குரல் பின்னாலிருந்து வந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்து இறக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடிக் கதவில் தண்ணீர் கோடு கோடாக இறங்க, தெருவே கரைந்து ஓடுவதுபோல் இருந்தது. உள்ளே வாங்க வந்தவர்கள் பாதி, மழைக்கு ஒதுங்கியவர்கள் பாதி. அந்தக் கூட்டத்தில் ஒரு தோள் மட்டும் நனைந்த சட்டையோடு நின்றிருந்தான் அவன். முப்பத்திரண்டு வயது இருக்கலாம். கண்களை இடுக்கிக்கொண்டு, அவள் கையிலிருந்த பெட்டியின் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

“என்னையா சொன்னீங்க?”

“ஆமாங்க. அந்தப் பெட்டி வேண்டாம். பக்கத்துல கறுப்பா ஒண்ணு இருக்கே... அதை எடுங்க.”

“நீங்க கடைக்காரரா?”

“இல்ல.”

“கறுப்புப் பெட்டி கம்பெனிக்காரரா?”

“அதுவும் இல்ல.”

“அப்ப யாருங்க நீங்க?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “டிஸ்க் செத்துப்போனா என்கிட்டதான் கொண்டு வருவாங்க. உள்ளே இருக்கறதை மீட்டுக் குடுக்கறது என் தொழில்.”

“ஓ... எமனுக்குத் தூரத்துச் சொந்தம்னு சொல்லுங்க.”

பக்கத்தில் குடை உதறிக்கொண்டிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“இதுக்குள்ள ரெண்டு டிஸ்க் இருக்குங்க. ஆனா ரெண்டையும் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க் மாதிரி காட்டும். ஒவ்வொரு ஃபைலையும் துண்டு துண்டா வெட்டி, பாதியை அதுல, பாதியை இதுல எழுதி வெச்சிருக்கும். ஒண்ணு போனா... ரெண்டும் போன மாதிரிதான்.”

அவளுக்கு அது உறைக்காமல் இல்லை. ஆனால், இதைத் தேர்ந்தெடுக்க அவள் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால் போனும் கம்ப்யூட்டரும் தானாக அதில் சேமித்துக்கொள்ளும் பெட்டி அது. ‘நாஸ்’ என்பார்கள். எத்தனை விமரிசனங்கள், எத்தனை வீடியோக்கள்! அத்தனையும் அலசிக் கடைசியில் ஒன்றை முடிவு செய்துகொண்டு வந்தால், மழைக்கு ஒதுங்கிய ஒரு முன்பின் தெரியாதவன் இரண்டே சொல்லில் தள்ளிவிடுவதா?

“ரொம்ப நன்றிங்க. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா?”

“சொல்லுங்க.”

“பக்கத்துல இருக்கற எழுத்தையே நீங்க கண்ணை இடுக்கித்தான் படிக்கறீங்க. முதல்ல ஒரு கண்ணாடி போடுங்க. அப்புறம் மத்தவங்களுக்குப் பெட்டி பார்த்துக் குடுக்கலாம்.”

பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி பில் போடும் இடத்துக்கு நடந்தாள். வேண்டாம்காரன்... என்று மனதுக்குள் அவனுக்கு அப்போதே பெயர் வைத்தாயிற்று. மழையில் இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கவலை இருந்தது.

வீட்டில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணி, மடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை, விரல்களுக்கு நடுவே நீல நிற மார்க்கர். மகள் உள்ளே நுழைந்ததுமே எழுதிப் பலகையைத் திருப்பிக் காட்டினாள்.

‘தலையைத் துவட்டு. பெட்டியை ஒண்ணும் மழை கரைக்காது.’

பதினாறு வருடம் அம்மா பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்கள் படித்துப் பதிவு செய்துகொண்டிருந்தவள். படுக்கையறை அலமாரியைத் திறந்து வைத்து, துணிகளுக்கு நடுவே மைக்கை மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள். போன வருடம் தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். குரலை எடுத்துவிட்டார்கள்.

நூலகத்தில் அந்தப் பதிவுகள் எல்லாம் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவை வெட்டிச் சுத்தம் செய்தவை. வீட்டிலிருந்த பழைய டிஸ்கில்தான் முழுப் பதிவும் இருந்தது... நடுவில் அம்மா இருமியது, அவள் வந்து கதவைத் தட்டியது, வாய் குழறித் தன்னையே திட்டிக்கொண்டது, ‘அடுப்பை அணைச்சியா?’ என்று கதவு வழியே கத்தியது எல்லாம். நூலகத்துக் குரல் யார் யாரோ எழுதிய வாக்கியங்களைச் சொன்னது. வீட்டிலிருந்த குரல்தான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

அந்தப் பழைய டிஸ்க் சில மாதமாக ‘டக்... டக்...’ என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அவள் பயம் அதுதான்.

புதுப் பெட்டிக்குள் எல்லாம் போய்ச் சேர ஒரு பகலும் ஒரு மாலையும் பிடித்தது. அடுத்த வாரமே பழைய டிஸ்க் ஒரேயடியாக மூச்சை விட்டது. ‘நல்ல நேரத்துல வாங்கினேன்’ என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள் அவள். பழசைத் தூக்கி மின் குப்பைக் கூடையில் போட்டாள்.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதிக்கும் சின்ன அறை அவளுடையது. ஒரு நாளைக்கு இருபது ஜோடிக் கண்களாவது பார்ப்பாள். கலங்கிய கண்கள், தூக்கம் கெட்ட கண்கள், எழுத்துத் தெரியாததை ஒப்புக்கொள்ள மறுக்கும் வீம்புக் கண்கள்... எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எந்தக் கண்ணும் அவளை ஒன்றும் செய்ததில்லை.

ஒரு மத்தியானம் சீட்டைப் பார்த்துக்கொண்டே, “அடுத்தவங்க வாங்க” என்றாள்.

உள்ளே வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“நீங்களா...” என்றாள் அவள்.

“சத்தியமா நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. என் ஆபீஸ் இதே தெருவுல, மூணு கட்டடம் தள்ளி ரெண்டாவது மாடி. பக்கம்னுதான் வந்தேன்.”

“தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டீங்களா?”

“முன்னாடியே வந்திருப்பேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது போலும். காது சிவந்தது. அவள் அவசரமாக விளக்கை அணைத்தாள். தொழில்... தொழிலைப் பார், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

சோதனைச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டாள்.

“இது தெளிவா... இது தெளிவா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“இல்ல. நல்லாப் பாருங்க. ஒண்ணு... ரெண்டு.”

“ஒண்ணு வேண்டாம்.”

“உங்க வாயில முதல்ல ‘வேண்டாம்’தான் வருமா?”

இந்த முறை அவன் சிரித்தான். இருட்டில் அந்தச் சிரிப்புச் சத்தம் மிக அருகில் கேட்டது. சின்ன டார்ச்சைப் பிடித்து அவன் கண்ணுக்குள் குனிந்து பார்த்தாள். தேன் நிறத்தில் ஒரு வளையம், அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் அடர்ந்த வளையம். ஆயிரம் கண்களில் பார்த்ததுதான். ஆனால் மற்ற கண்கள் வெளிச்சத்தைப் பார்க்கும், சுவரைப் பார்க்கும். இந்தக் கண் அவளைப் பார்த்தது.

“கிட்டத்துல பார்க்கறதுக்கு மட்டும் கண்ணாடி போட்டாப் போதும். பொடி வேலை அதிகம் செய்யறீங்க, அதான்” என்றாள், விளக்கைப் போட்டுவிட்டு. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

“சரி டாக்டர்.”

“டாக்டர் எல்லாம் இல்ல. பரிசோதிக்கறவ.”

எழுந்து கதவுவரை போனவன் நின்றான். “அந்தப் பெட்டி எப்படி இருக்கு?”

“ஜம்முனு ஓடுது” என்றாள், வேண்டுமென்றே அழுத்தி.

“அப்பாடா” என்றான் அவன்.

அந்த ‘அப்பாடா’வில் துளி கிண்டல் இல்லை. சண்டைக்குத் தயாராக நின்றவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தலை துவட்டிக்கொண்டே பெட்டியைத் தாண்டிப் போனவள் அப்படியே நின்றாள். எப்போதும் நீலமாக எரியும் விளக்கு சிவப்பாக இருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஃபோல்டர் இல்லை. அணைத்துப் போட்டாள். இல்லை. ஒயரைப் பிடுங்கி மாட்டினாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம்... தெரிந்த சத்தம்.

அதன் பிறகு அவள் எதையும் தொடவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒண்ணு போனா ரெண்டும் போன மாதிரிதான். சொன்னானே... அத்தனை பேர் முன்னாலும் சொன்னானே!

அன்று முழுக்க அவளுக்கும் அவள் ரோஷத்துக்கும் சண்டை. ஊரில் வேறு மீட்பு நிலையமே இல்லையா என்றது ரோஷம். இருக்கலாம். ஆனால் அம்மாவை வேறு யார் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரும்?

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அந்த இரண்டாவது மாடியில் ஏறினாள். நீளமான அறை. மேஜை மேல் வரிசையாக வெள்ளிப் பைகளில் டிஸ்க்குகள், ஒவ்வொன்றிலும் ஒட்டிய சீட்டு: ‘கல்யாணம்’, ‘ஆராய்ச்சி’, ‘குழந்தை’. கண்ணாடிக் கூண்டுக்குள் மூடி கழற்றிய ஒரு டிஸ்க், முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளத்தது. அதன்மேல் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். அவள் எழுதிக் கொடுத்த கண்ணாடியை அணிந்திருந்தான்.

பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

“சொல்லிடுங்க.”

“என்ன சொல்லணும்?”

“‘அப்பவே சொன்னேன்ல’ன்னு. நல்லா ஆசை தீரத் திட்டுங்க. திட்டிட்டு வேலையை ஆரம்பிங்க.”

அவன் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, காதை வைத்து இரண்டே நொடி கேட்டான். உடனே அணைத்தான்.

“இதுல என்ன இருக்குங்க?”

“எங்கம்மா” என்றாள். கடையில் அத்தனை வாய் பேசியவள் அங்கே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அவன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அழுது முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தான். பிறகு அவள் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டான்.

“உத்தரவாதம் குடுக்க மாட்டேன். இதே மாதிரி இன்னொரு டிஸ்க் தேடிப் பிடிச்சு, அதுல படிக்கற ஊசியை எடுத்து இதுல மாத்திப் படிக்கணும். நாள் ஆகும். ஆனா கையில இருக்கற அத்தனையும் முயற்சி பண்ணுவேன்.”

“அன்னிக்கு எதுக்கு என்கிட்ட வந்து சொன்னீங்க? எனக்கு உங்களை யாருன்னே தெரியாது...”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “எல்லாரும் எல்லாம் போனப்புறம்தாங்க இந்தப் படி ஏறி வர்றாங்க. ஒன்பது வருஷமா அப்படியே பார்த்துப் பழகிட்டேன். அன்னிக்குக் கடையில, எல்லாம் போறதுக்கு முன்னாடியே ஒருத்தரைப் பார்த்தேன். பெட்டியைப் பச்சைக் குழந்தையை எடுக்கற மாதிரி எடுத்தீங்க. வாய் சும்மா இருக்கல.”

மூன்று வாரம். இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் வரும். ‘இன்னொரு டிஸ்க் கிடைச்சிருச்சு.’ ‘ஊசி மாத்தியாச்சு.’ ‘பாதி படிச்சிருக்கு.’ முதலில் அந்த வாக்கியங்களுக்காகக் காத்திருந்தாள். பிறகு பிறகு... வாக்கியம் முடிந்த பிறகும் போனை வைக்க மனமில்லாமல் நிற்கும் அந்த இரண்டு நொடிக்காக.

“வந்து வாங்கிக்கோங்க” என்று அவன் கூப்பிட்ட அன்று லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள்.

“ரெண்டு புத்தகத்துல கொஞ்சம் கொஞ்சம் போச்சு. மத்தது முழுசா இருக்கு. இப்போதைக்கு ஒரு டிஸ்க்ல போட்டு வெச்சிருக்கேன்.”

அவள் அந்த டிஸ்கை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, சந்தோஷத்தில் வாய் துள்ளியது. “பரவாயில்லையே, வேண்டாம்காரரே! செத்ததை உயிரோட கொண்டு வந்துட்டீங்க. எமனுக்குச் சொந்தம் இல்ல நீங்க... விரோதி!”

அவனும் சிரித்தான். “உங்கம்மா சும்மா ஒண்ணும் உங்களை வாலுன்னு கூப்பிடல.”

அவள் சிரிப்பு நின்றது.

வாலு. வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாத பெயர். அம்மாவின் வாயைத் தவிர வேறெங்கும் இருந்திராத பெயர்.

“கேட்டீங்களா?”

சமாளித்திருக்கலாம். ஒன்றிரண்டு இடத்தில் காதில் விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். அவன் அவளை நேராகப் பார்த்தான்.

“கேட்டேன். ஃபைல் சரியா இருக்கான்னு பார்க்கப் பத்து செகண்ட் போதும். நான் ஒரு புத்தகம் முழுக்கக் கேட்டேன். அப்புறம் இன்னும் ரெண்டு.”

“யாரைக் கேட்டு?”

“யாரையும் கேக்கல. தப்புதான்.”

“கதவு சாத்தற சத்தம் வருமே, அந்த இடமும்...?”

அவன் தலை குனிந்தது. அதுவே பதில்.

அவளுக்குப் பதினான்கு வயதில் அப்பா வீட்டை விட்டுப் போன நாள் அது. அம்மா அலமாரிக்குள் படித்துக்கொண்டிருந்தாள். வாசல் கதவு சாத்திய சத்தம், அதன் பிறகு நீளமாக ஒரு மௌனம், பிறகு அம்மா விட்ட வரியிலிருந்தே மறுபடி படிக்கத் தொடங்கியது... எல்லாம் அந்தப் பதிவில் இருந்தது. அதைப் பற்றி அவளும் அம்மாவும்கூடப் பேசிக்கொண்டதில்லை.

“அது எங்க வீடுங்க” என்றாள். “டிஸ்க்கைத் திறக்கச் சொல்லித்தான் குடுத்தேன். வீட்டைத் திறக்கச் சொல்லல.”

குடையைக்கூட எடுக்கவில்லை. டிஸ்கைக் கைப்பையில் திணித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

நனைந்து வந்து நின்ற மகளை அம்மா உட்கார வைத்தாள். தலையைத் துவட்டினாள். விசும்பலுக்கு நடுவே கதை முழுவதும் வந்து விழுந்தது. கேட்டு முடித்த அம்மா பலகையை எடுத்தாள். என்ன எழுதப்போகிறாளோ என்று மகள் பார்த்திருக்க...

‘எந்தப் புத்தகம் கேட்டாராம்?’

“அம்மா!”

அழித்துவிட்டு எழுதினாள். ‘நல்லா இருந்துச்சாமா?’

“உனக்குக் கோவமே வரலியா? நம்ம வீட்டு விஷயம்மா அது. அந்தக் கதவுச் சத்தத்தைக்கூடக் கேட்டிருக்கார்.”

அம்மா பலகையை அழித்தாள். பிறகு மெதுவாக எழுதினாள். ‘குரல் என்னோடது. கோவம் மட்டும் எப்படி உன்னோடது ஆச்சு?’

அழித்துவிட்டு அம்மாவே தொடர்ந்து எழுதினாள்.

‘அதை வெட்டி எறிய எனக்கு அரை நிமிஷம் போதும். எறியல. அன்னிக்கு நான் நிறுத்தாமப் படிச்சேன்னு யாருக்காவது ஒருத்தருக்குத் தெரியட்டும்னு நினைச்சேன்.’

துடைத்தாள். மறுபடி எழுதினாள். இந்த முறை எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.

‘பதினாறு வருஷம் படிச்சேன். கேட்டேன்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல. இவர்தான் முதல் ஆள். அவரைப் போய்த் திட்டிட்டு வந்திருக்கே.’

“நான்... உன் குரல் போயிடுச்சேன்னுதான்மா... அது ஒண்ணுதானே மிச்சம் இருக்கு...”

அம்மா அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். பலகை முழுக்க, பெரிய எழுத்தில்:

‘நீ ஒரு வருஷமா டிஸ்க்கு, பெட்டின்னு உக்காந்து என்னைத் தேடறே. நான் உன் பின்னாடிதான் உக்காந்திருக்கேன்.’

அவள் அதை ஒருமுறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு அம்மாவின் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். தலைக்குமேல் அம்மா சிரித்தாள். சத்தம் இல்லை, மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. அது அம்மாவின் சிரிப்பு என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது...

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தபோது பலகையில் புதிதாக ஒரு வரி இருந்தது.

‘ஆள் எப்படி, பார்க்க லட்சணமா இருப்பாரா?’

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் போனாள். அவன் கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தான். மழை விட்ட மாலை. மாடிப்படி ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. அவளைக் கண்டதும் ஒரு படி மேலேயே நின்றுவிட்டான்.

“பெட்டி வாங்கணும்” என்றாள் அவள். “இந்த வாட்டி நீங்க சொல்றதைக் கேக்கலாம்னு வந்தேன்.”

பழைய சண்டைக்காரியா, வாடிக்கையாளரா என்று புரியாமல் அவன் விழித்தான். பிறகு படியிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்தான். அவள் ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

“ரெண்டு டிஸ்க் போடற பெட்டிதான். ஆனா ரெண்டுலயும் ஒண்ணையே எழுதறதா இருக்கணும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு அப்படியே நிக்கும்.”

“சரி.”

“ரெண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில, ஒரே நாள்ல வாங்காதீங்க. கூடப் பொறந்த டிஸ்க் கூடவே போயிடும். அப்புறம், உள்ள ஏதாவது கெட ஆரம்பிச்சா உடனே போனுக்குச் சேதி அனுப்பற பெட்டியா பாருங்க. விளக்கு சிவப்பாகற வரைக்கும் வாயைத் திறக்காத பெட்டி வேண்டாம். செஞ்சவங்க வருஷா வருஷம் சாஃப்ட்வேரைச் சரி பண்ணி அனுப்பறாங்களான்னும் பாருங்க. கரண்ட் போனா தாங்க ஒரு பேட்டரி.”

“இவ்வளவும் இருந்தா நம்பலாமா?”

அவன் எழுதுவதை நிறுத்தினான். “நம்பகமான பெட்டின்னு ஒண்ணு கிடையாதுங்க. எல்லாப் பெட்டியும் என்னிக்காவது ஒருநாள் போகத்தான் போகுது. போனாலும் பரவாயில்லங்கற மாதிரி நாம வெச்சுக்கறதுதான் நம்பகம்.”

அவள் அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“எங்கம்மா உங்களைப் பார்க்கணுமாம்” என்றாள் மெல்ல. “மூணு புத்தகத்துல எது பிடிச்சதுன்னு நேர்ல வந்து சொல்லணுமாம். பதினாறு வருஷத்துல நீங்கதான் முதல் ஆளாம்.”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். கண்கள் ஈரமாக இருந்தன.

“நேத்து நான் பேசினது...”

“நீங்க பேசினது சரி” என்றான் அவன். “கதை என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான் முதல்ல கேட்டேன். அப்புறம்... நடுவுல நீங்க எப்ப வந்து கதவைத் தட்டுவீங்கன்னு கேக்க ஆரம்பிச்சேன். அது தப்பு. கேட்டா இல்லைன்னு பொய் சொல்லவும் வரல.” நிறுத்தினான். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தான். “ஆனா ஒண்ணு சொல்லிடறேங்க. எனக்குப் பிடிச்சது அந்த ஃபைல்ல இருக்கற பொண்ணு இல்ல. பெட்டியை மேஜை மேல வெச்சு, ‘ஆசை தீரத் திட்டுங்க’ன்னு சொன்னாங்களே ஒருத்தங்க... அவங்களைத்தான். உங்களைத்தான். ரொம்பப் பிடிச்சிருக்கு.”

படிக்கட்டில் வெயில் ஒரு விரற்கடை நகர்ந்தது. அவளுக்குக் கன்னம் சுட்டது. ஊரெல்லாம் அளக்கும் வாய், இப்போதா ஊமையாக வேண்டும்?

அவனோ அந்த மௌனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு, அவசர அவசரமாகக் காகிதத்துக்குத் திரும்பினான்.

“இன்னொண்ணு விட்டுப்போச்சு. முக்கியமானது. இவ்வளவு செஞ்சாலும் தீ, வெள்ளம், திருட்டுன்னு ஏதாவது வந்தா வீட்ல இருக்கற எல்லாமே ஒண்ணாப் போயிடும். அதனால ஒரு காப்பி வேற வீட்ல இருக்கணும். கண்டிப்பா வேற வீடு.”

“எங்களுக்கு வேற வீடு ஏதுங்க? சொந்தக்காரங்க எல்லாம் எங்கெங்கேயோ இருக்காங்க.”

“என் வீட்ல வைக்கலாம். நான் பாட்டுக்குப் பூட்டி வெச்சுடறேன். தொடக்கூட மாட்டேன்.”

அவள் தலையாட்டினாள். “உங்க வீட்ல வைக்கறது சரிவராது.”

அவன் முகம் விழுந்தது. “ஏங்க?”

“கண்டிப்பா வேற வீடா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா... என் வீடு வேற வீடுதானே?”

“இப்போதைக்கு” என்றாள் அவள்.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்தான்... ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான், இந்த முறை அவள் உட்கார்ந்திருந்த அதே படியில்.